செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்: பந்தை எங்கே வைப்பது

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், கடலோர மணல்மேட்டில் அமைந்துள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் என்ற கோல்ஃப் மைதானத்தை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அது கடினமான மைதானமாகவே தோன்றாது. மரங்கள் இல்லை, குளங்கள் இல்லை, முதல் டீயில் (முதல் அடியை அடிக்கும் இடத்தில்) நின்று பார்த்தால் எதிரே விரிந்து கிடப்பது அகன்ற புல்வெளி மட்டுமே. ஆனால் பதினெட்டு ஹோல்களையும் (டீயிலிருந்து குழி வரையிலான ஒவ்வொரு பகுதியும் ஒரு ஹோல்) முடித்துவிட்டு அட்டையைக் கூட்டிப் பார்க்கும்போது, பெரிய தவறு எதையும் செய்யாதது போலவே தோன்றினாலும், வழக்கத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு அடிகள் கூடியிருக்கும். மற்ற மைதானங்கள் பந்தை எங்கே அடிக்க வேண்டும் என்பதை மரவரிசையாலும் நீர்நிலையாலும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இந்த மைதானமோ எங்கு வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்று விட்டுவிட்டு, அடித்த இடத்திற்கேற்ற விலையை அடுத்த அடியில் கேட்கிறது. ஆகவே இங்கே ஒவ்வொரு ஹோலையும், குழியைக் காட்டும் கொடியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆட வேண்டும். கொடி எங்கே இருக்கிறது, அதை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினால் பங்க்கர் என்ற மணற்குழி குறுக்கே வராது, அந்த இடத்துக்குப் பந்தைக் கொண்டுசெல்ல டீயில் எந்த மட்டை வேண்டும் என்ற வரிசையில் யோசித்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த மைதானத்தின் அமைப்பே ஒரு பொதுவிதியைத் தந்துவிடுகிறது. ஹோல்கள் ஊரிலிருந்து ஈடன் கழிமுகம் வரை சென்று, அங்கே ஒரு கொக்கிபோல் வளைந்து, போன வழியை ஒட்டியே திரும்பி வருகின்றன. முழுச் சுற்றும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமைவதால், போகும்போதும் வரும்போதும் மைதானத்தின் வெளி ஓரம் வலக்கைப் பக்கமே இருக்கிறது. வலப்பக்கம் தவறினால் முட்புதரோ, மதிலோ, எல்லைக்கோடோ காத்திருக்கும். இடப்பக்கம் தவறினால் பெரும்பாலும் எதிர்த்திசை ஹோலின் ஃபேர்வேயில் (ஒட்ட வெட்டிய புல்பாதையில்) பந்து நல்ல புல்லில் நிற்கும். இதைக் கேட்டதும் எல்லா அடிகளையும் இடப்பக்கமே அடித்துவிடலாம் என்று முடிவு செய்பவர்கள் உண்டு. அவர்கள் பந்தைத் தொலைக்க மாட்டார்கள், ஆனால் பல ஹோல்களில் இடப்பக்கத்திலிருந்து கிரீனுக்கு (குழி இருக்கும் மழித்த புல்தரைக்கு) போகும் வழியில் ஒரு பங்க்கராவது ஒரு மேடாவது குறுக்கே இருக்கும். இடப்பக்கம் பாதுகாப்பானது, வலப்பக்கம் ஆதாயமானது. எந்த ஹோலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

பங்க்கர்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட பங்க்கர்கள் உள்ளன. கோல்ஃபின் பெரும் போட்டிகளுள் ஒன்றான ஓபனில், 2000-ஆம் ஆண்டு, டைகர் உட்ஸ் இங்கே 72 ஹோல்களிலும் ஒரு பங்க்கரில்கூட விழாமல் 19 அண்டர் பாரில் (பார் எனப்படும் நிர்ணயித்த அடிக்கணக்கைவிட 19 குறைவாக) வென்றார் என்பதே இந்த மைதானத்துக்கான சிறந்த பாடம் என்பேன். இங்குள்ள பங்க்கர்கள் ஆழம் குறைந்த மணல் தட்டுகள் அல்ல. புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய, ஏறத்தாழச் செங்குத்தான சுவர்கள் கொண்டவை. சுற்றியுள்ள தரை பங்க்கரை நோக்கியே சரிந்திருப்பதால், வரைபடத்தில் காணும் அளவைவிட ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு அகலமானது என்று எண்ணிக்கொள்வது நல்லது. உள்ளே விழுந்துவிட்டால், பந்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை முதலில் பார்க்கவும். இரண்டடிக்கும் குறைவாக இருந்தால் கொடியை மறந்துவிட்டு, பக்கவாட்டிலோ பின்னோக்கியோ அடித்து வெளியேறவும். ஓர் அடியை இழப்பதற்கு மனம் ஒப்பாதவர்தான் இங்கே நான்கு அடிகளை இழக்கிறார்.

இரண்டாவதாக, கிரீன்கள். முதல், ஒன்பதாவது, பதினேழாவது, பதினெட்டாவது ஆகிய நான்கு ஹோல்களுக்கு மட்டுமே தனிக் கிரீன் உண்டு. மற்ற பதினான்கும் இரண்டிரண்டாக ஏழு பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பகிரும் ஹோல்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், ஐந்தும் பதின்மூன்றும் என்று இந்தக் கணக்கு தவறாமல் போகும். செல்லும் வழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் வழிக்குச் சிவப்புக் கொடி என்பது வழக்கம் என்பதால், அடிக்கும் முன் நிறத்தை ஒருமுறை உறுதி செய்துகொள்ளவும். கிரீனை அடைந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி இங்கே அவ்வளவாகப் பயன்படாது. தவறான பாதியில் பந்து நின்றால் நாற்பது கஜத்துக்கும் மேற்பட்ட தொலைவை, இரண்டு மூன்று மேடுகளைத் தாண்டி, தரையோடு உருட்டும் மட்டையான பட்டரால் கடக்க வேண்டியிருக்கும். எனவே ஆடச் செல்வதற்கு முன் பயிற்சிக்கு நேரம் இருந்தால், அதை, நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவருக்குக் கொடுக்காமல், பட்டரால் உருட்டும் நீண்ட பட்டுகளுக்குக் கொடுப்பதே அறிவு.

மூன்றாவது, காற்றும் கெட்டித் தரையும். தரை இறுகியிருப்பதால் பந்து விழுந்த பிறகும் வெகுதூரம் உருளும். மென்மையான கிரீன்களில் பந்தை உயரத் தூக்கி, விழுந்த இடத்திலேயே நிறுத்திப் பழகியவர்கள் இங்கே முதல் சில ஹோல்களில் திகைத்துப்போவது இயல்பு. கிரீனிலிருந்து முப்பது கஜம் தள்ளி இருந்தாலும், இடையே புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தால், பந்தை உயரத் தூக்கும் மட்டையான வெட்ஜை எடுப்பதற்கு முன் பட்டரைப் பற்றி யோசிக்கவும். மோசமாக அடித்த பட்டுகூட நடுத்தரமாக அடித்த சிப்பைவிட (பந்தைச் சற்றே தூக்கும் குறுகிய அடியைவிட) குழிக்கு அருகில் நிற்கும். கழிமுகத்தில் நீரேற்றம் மாறும்போது காற்றும் திசை மாறும் என்று உள்ளூர்க் கேடிகள் (மட்டைப்பை சுமந்து வழிசொல்லும் உதவியாளர்கள்) சொல்வது வழக்கம். போகும்போது எதிர்க்காற்றில் வருந்தியவர் திரும்பும்போது அது தமக்கு உதவும் என்று உறுதியாக நம்பிவிடக் கூடாது. கேடி கிடைத்தால் கட்டாயம் அமர்த்திக்கொள்ளவும். பல ஹோல்களில் டீயிலிருந்து ஃபேர்வே தெரியவே தெரியாது என்பதால், அவர் கைகாட்டும் திசைதான் நமக்கு இருக்கும் ஒரே குறி.

ஆட இடம் பெறுவது பற்றி ஒரு சொல். இது பொது மைதானம். செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் இதை நடத்துகிறது. முன்பதிவு கிடைக்காதவர்கள், ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று கையில் இருக்க வேண்டும். பெரிய போட்டிகள் நடக்கும் காலம் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. அன்று ஊர்மக்கள் நாய்களோடு ஃபேர்வேயில் நடந்துகொண்டிருப்பார்கள். அப்படி ஒரு ஞாயிறு கையில் இருந்தால் நீங்களும் மைதானம் முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது, மறுநாள் ஆட்டத்தில் பல அடிகளை மிச்சப்படுத்தும்.

முதல் ஆறு ஹோல்கள்

முதல் ஹோலும் கடைசி ஹோலும் ஒரே ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்வதால், கோல்ஃப் உலகிலேயே மிக அகலமான ஃபேர்வேக்களுள் ஒன்று உங்கள் எதிரே இருக்கிறது. பங்க்கரும் இல்லை. ஆயினும் வலப்பக்கம் எல்லைக்கோடு உண்டு. இடப்பக்கமும் அளவின்றி அகலமானது அல்ல என்பதை 1995 ஓபனில் அந்த அகலம் முழுவதையும் கடந்து இடப்பக்க எல்லைக்கு வெளியே அடித்த முன்னாள் சாம்பியன் இயன் பேக்கர்-ஃபிஞ்ச் உலகுக்குக் காட்டிவிட்டார். பின்னால் கிளப் மாளிகையும் வேடிக்கை பார்ப்பவர்களும் இருக்கும் அந்த முதல் டீயில் டிரைவரை எடுக்கத் தேவையே இல்லை. அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் மட்டையான ஒரு ஹைபிரிட்டோ நீண்ட அயர்னோ எடுத்து, நடுவிலிருந்து சற்று இடமாக அடித்தால் போதும். இரண்டாவது அடியில்தான் ஆபத்து: கிரீனின் முன்விளிம்பை ஒட்டியே ஸ்வில்கன் ஓடை ஓடுகிறது. கொடி முன்பக்கம் இருந்தால் ஓடைக்கும் குழிக்கும் இடையே சில எட்டு தூரம் மட்டுமே இருக்கும். கொடியைப் பார்க்காமல், தூரத்துக்குத் தேவையானதைவிட ஒரு மட்டை கூடுதலாக (இன்னும் சற்றுத் தூரம் அடிக்கும் மட்டையாக) எடுத்துக் கிரீனின் பின்பாதிக்கு அடிக்கவும். அங்கிருந்து இரண்டு பட்டு என்பது மகிழ்ச்சியான பார்.

இரண்டாவதில் வலப்பக்கம் புதர், இடப்பக்கம் சீப்ஸ் பங்க்கர். கொடி கிரீனின் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கத்திலிருந்து அணுகுவதே நல்ல கோணம். மூன்றாவதிலும் இதே கதைதான், கிரீனின் இடப்பக்கத்தைக் குடைந்துகொண்டிருக்கும் கார்ட்கேட் பங்க்கர் இடமிருந்து வருபவரைத் தடுத்து நிறுத்துகிறது. நான்காவதில் கிரீனுக்கு முன் ஒரு மேடு உண்டு. அதன்மேல் விழும் பந்து எந்தப் பக்கம் தாவும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைத் தாண்டி விழும்படி அடிக்கவும்.

ஐந்தாவது ஹோல் பார் ஐந்து. டீ அடிக்கு வலப்பக்கத்தில் ஏழு பங்க்கர்கள் கூட்டமாகக் கிடக்கின்றன, அதனால் இங்கே விவாதத்துக்கே இடமில்லாமல் இடப்பக்கம் அடிக்க வேண்டும். கிரீனுக்கு முன்னால் ஒரு மேட்டின் முகப்பில் ஸ்பெக்டக்கிள்ஸ் என்ற இரட்டைப் பங்க்கர்கள், அதற்கப்பால் ஓர் ஆழமான பள்ளம். இரண்டு அடியில் எட்டும் வல்லமை இல்லாதவர், இரண்டாவது அடியை அந்தப் பங்க்கர்களுக்கு நன்றாக முன்னதாகவே நிறுத்திக்கொண்டு, மூன்றாவதில் பள்ளத்தைத் தாண்டி ஆழமாக அடிக்கவும். முன்னால் விழுந்தால் பள்ளம் பந்தைத் திருப்பி அனுப்பிவிடும். பின்னால் போனாலோ இடம் தாராளமாக இருக்கிறது, இந்தக் கிரீன் உலகின் மிகப் பெரிய கிரீன்களுள் ஒன்று. ஆறாவதில் டீயிலிருந்து புதருக்கு அப்பால் எதுவும் தெரியாது. கேடி காட்டிய இடத்தை நம்பி அடிக்கவும்.

வளைவு

ஏழு முதல் பன்னிரண்டு வரையிலான பகுதியில்தான் அடிகளைச் சேமிக்க முடியும். எட்டாவது குறுகிய பார் மூன்று, ஒன்பதும் பத்தும் சமதளமான குட்டை பார் நான்குகள். காற்று அனுகூலமாக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் டீயிலிருந்தே கிரீனை எட்டப் பார்ப்பார்கள். ஒன்பதாவதில் ஃபேர்வேயின் நடுவிலேயே பங்க்கர்கள் இருப்பதை மறவாமல் அடித்தால் போதும். ஏழாவதும் பதினொன்றாவதும் குறுக்காக வெட்டிக்கொள்வதால், அடிக்கும் முன் மற்ற ஹோலில் ஆடுபவர்களைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பதினொன்றாவது ஹோல் தூரத்தால் அச்சுறுத்துவதல்ல. 2022 ஓபனில்கூட 170 கஜத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. ஆனால் கிரீன் பின்னிருந்து முன்னாக முறத்தைச் சாய்த்து வைத்தாற்போல் இறங்குகிறது. முன்னால் இடப்பக்கம் ஹில் பங்க்கர், வலப்பக்கம் ஸ்ட்ராத் பங்க்கர், பின்னால் கழிமுகக் காற்று. 1921 ஓபனில் இளம் பாபி ஜோன்ஸ் ஹில் பங்க்கரில் சிக்கி, வெளியேற முடியாமல் பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். அதே மைதானத்தில் 1927-இல் ஓபனையும் 1930-இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்று, 1958-இல் ஊரின் கௌரவக் குடிமகனாகவும் ஆனார். பக்கத்துப் பத்தாவது ஹோல் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இந்த ஹோலில் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, ஸ்ட்ராத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கொடியை நேராகக் குறிவைப்பது. மற்றொன்று, பங்க்கருக்குப் பயந்து கொடியைத் தாண்டி அடித்துவிட்டு, பனிச்சறுக்கில் விட்டதுபோன்ற இறக்கத்தில் கீழ்நோக்கிப் பட் செய்ய நேர்வது. எதிர்க்காற்று வீசினால் மட்டையை இறுக்கி வேகமாக வீசாமல், ஒன்றிரண்டு மட்டை கூடுதலாக எடுத்துத் தாழ்வாக, மெதுவாக அடிக்கவும். பந்து கிரீனின் நடுவில், கொடிக்குக் கீழே நிற்பதே இலக்கு. இரண்டு பங்க்கர்களுக்கும் இடையிலுள்ள முன்பகுதியில் சற்றுக் குறைவாக நின்றாலும் வருந்த வேண்டாம், அங்கிருந்து மேல்நோக்கிப் பட் செய்வது மேலிருந்து இறங்குவதைவிட எளிது.

பன்னிரண்டாவது ஹோல் கண்ணுக்கு ஓர் ஏமாற்று. டீயிலிருந்து பார்த்தால் ஃபேர்வேயில் ஒரு பங்க்கர்கூடத் தெரியாது. நடந்து போய்த் திரும்பிப் பார்த்தால் வரிசையாகத் தெரியும். ஒரு காலத்தில் இந்த மைதானம் எதிர்த்திசையிலும் ஆடப்பட்டது என்பதுதான் காரணம், அந்தப் பங்க்கர்கள் அந்தத் திசையிலிருந்து வருபவர்களுக்கு முகம் காட்டி நிற்கின்றன. இங்கே டிரைவரை உறையிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. குட்டையான ஹோல் என்பதால் அயர்னால் அடித்தாலும் தூரம் குறையாது. கிரீனில் கொடி இருக்கும் மேல்தட்டு மிகக் குறுகியது என்பதால், முழு வீச்சில் அடிக்கக்கூடிய தூரத்தை விட்டுவைப்பது அரைகுறை வெட்ஜைவிட நல்லது.

திரும்பும் வழி

பதின்மூன்றில் இடப்பக்கம் காஃபின்ஸ் பங்க்கர்கள், கிரீனுக்கு முன் கரடுமுரடான மேடு. ஒரு மட்டை கூடுதலாக எடுத்துக் கடந்து செல்லவும்.

பதினான்காவது மைதானத்தின் மிக நீளமான ஹோல், 2022 ஓபனில் 600 கஜத்தையும் தாண்டியது. வலப்பக்கம் நெடுக மதில், அதற்கப்பால் எல்லை வெளி. இடப்பக்கம் பியர்டீஸ் என்ற பங்க்கர் கூட்டம். இரண்டுக்கும் நடுவே எலிசியன் ஃபீல்ட்ஸ் என்றழைக்கப்படும் சமமான ஃபேர்வே. அந்த இடத்தை அடைந்தவருக்கு அடுத்து வருவது ஹெல் பங்க்கர். பத்தடி ஆழமுள்ள அந்தப் பள்ளம் கிரீனுக்கு ஏறத்தாழ நூறு கஜம் முன்னால் குறுக்கே கிடக்கிறது. 1995-இல் ஜாக் நிக்லஸ் இதிலிருந்து வெளியேற நான்கு அடிகள் எடுத்து, இந்த ஹோலை பத்தில் முடித்தார். இங்கேயே இருமுறை ஓபன் வென்றவருக்கு நேர்ந்தது இது. அதைத் தாண்ட முடியுமா என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் தாண்ட முயலக் கூடாது. மிகப் பழைய, இன்றும் சிறந்த வழி இடப்பக்கம்: இரண்டாவது அடியை ஐந்தாவது ஹோலின் ஃபேர்வேக்குத் திருப்பிவிட்டால் ஹெல் பங்க்கர் கணக்கிலிருந்தே விலகிவிடும். மூன்றாவது அடியில் இன்னொரு கண்ணி உண்டு. கிரீனின் முன்பகுதி செங்குத்தாக ஏறி, பிறகு பின்னோக்கிச் சரிகிறது. உயரத் தூக்கி அடித்த பந்து மேட்டில் பட்டுத் திரும்பி வரும், அல்லது தாண்டி விழுந்து நிற்காமல் ஓடிவிடும். ஏழாம் அல்லது எட்டாம் அயர்னால் மேட்டுக்கு முன்பே தரையில் தட்டி, உருண்டு ஏறும்படி அடிப்பதே இங்கு பலன் தரும்.

பதினைந்தில் ஊரின் கோபுரம் ஒன்று குறியாகத் தெரியும், இடப்பக்கக் காட்டேஜ் பங்க்கரை மட்டும் தவிர்க்கவும். பதினாறில் வலப்பக்கம் எல்லை வேலி. ஃபேர்வேயின் நடுவே பிரின்சிபல்ஸ் நோஸ் என்ற மூன்று பங்க்கர்கள், அவற்றை ஒட்டியே டீக்கன் சைம். வேலிக்கும் பங்க்கருக்கும் இடைப்பட்ட குறுகிய சந்தில் பந்தைச் செலுத்தினால் கிரீனுக்கு அருமையான கோணம் கிடைக்கும். தொழில்முறை ஆட்டக்காரரல்லாத யாருக்கும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதினேழாவது

ரோட் ஹோல் ஓபனில் 495 கஜம், பார் நான்கு. டீயிலிருந்து ஃபேர்வே தெரியாது, வலப்பக்கம் ஹோட்டலின் பெயர் எழுதிய பச்சைக் கொட்டகைச் சுவர் குறுக்கே நிற்கும், அதன் மேலாக அடிக்க வேண்டும். எந்த எழுத்தின் மேல் அடிப்பது என்பது அன்றைய காற்றையும் உங்கள் தூரத்தையும் பொறுத்தது. கேடி சொல்வதைவிட ஓர் எழுத்து இடமாகக் குறிவைத்தால் நிம்மதி. அதற்காக மிகவும் இடமாகப் போய்விட்டால் நீண்ட புல்லும், கிரீனுக்கு நேர் குறுக்கே ரோட் பங்க்கரும் காத்திருக்கும்.

கிரீன் நீண்டு ஒடுங்கியது, ஃபேர்வேக்குக் கோணலாகக் கிடக்கிறது. இடப்பக்கத்தின் நடுவைக் குடைந்து நிற்பது ரோட் பங்க்கர், பின்னால் தார்ச்சாலை, அதற்கும் அப்பால் கல்மதில். சாலையும் ஆட்டத்தின் பகுதியே, பந்து கிடக்கும் இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். 1978-இல் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனை எட்டிவிட்டு, அங்கிருந்து செய்த பட்டு சரிவில் வழுக்கிப் பங்க்கரில் விழ, அதிலிருந்து வெளியேறிக் குழியை அடைவதற்குள் ஒன்பது அடிகளாயின. 1984-இல் டாம் வாட்சன் நீண்ட அயர்னால் அடித்த பந்து கிரீனைத் தாண்டிச் சாலைக்கு அப்பால் மதிலருகே நின்றது. அதே வேளையில் பதினெட்டாவதில் பேர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு) அடித்த செவே பாயஸ்டரோஸ் கோப்பையைக் கொண்டுசென்றார்.

நம்மைப் போன்றவர்களுக்கு இது பார் ஐந்து ஹோல். இரண்டாவது அடியைக் கிரீனுக்குச் சற்று முன்னால், வலப்பக்க முகப்பில் நிறுத்தவும். அங்கிருந்து கிரீனின் நீளவாக்கில் பட்டராலோ தாழ்ந்த சிப்பாலோ மேலேற்றினால் பங்க்கரும் சாலையும் வழியில் வராது. கொடி பங்க்கருக்குப் பின்னால் இருந்தால் அதைக் குறிவைக்காமல், கிரீனின் நடுவுக்கு அடித்து இரண்டு பட்டில் முடிக்கவும். 2022-இல், 150-ஆவது ஓபனின் கடைசி நாளில், கேமரன் ஸ்மித்தின் இரண்டாவது அடி குறைந்துபோய், பங்க்கர் அவருக்கும் கொடிக்கும் நடுவே வந்துவிட்டது. பங்க்கருக்கு மேலாகத் தூக்கி அடிக்கும் ஆசையை அவர் அடக்கிக்கொண்டு, பட்டரை எடுத்து, சரிவில் பந்தை வளைத்துப் பங்க்கரைச் சுற்றிக் கிரீனுக்கு அனுப்பினார். எஞ்சிய பத்தடிப் பட்டும் விழுந்து பார் கிடைத்தது. அந்த நாளின் 64 அடிகளில் பலர் நினைவில் வைத்திருப்பது பங்க்கரைச் சுற்றிச் சென்ற அந்தப் பட்டைத்தான்.

பதினெட்டாவது

கடைசி ஹோலில் வலப்பக்க எல்லைக்கு அப்பால் தெருவும் கடைகளும் நிறுத்தப்பட்ட கார்களும் இருக்கின்றன. கிளப் மாளிகையின் கடிகாரத்தைக் குறிவைத்து, தாராளமாக இடப்பக்கம் அடிக்கவும். இடம் எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. கிரீனின் இடப்பக்க முகப்பில் உள்ள பள்ளத்துக்கு வேலி ஆஃப் சின் (Valley of Sin, பாவப் பள்ளத்தாக்கு) என்று பெயர். குறைவாக விழும் பந்தெல்லாம் அதில் வந்து சேரும் என்பதால், இரண்டாவது அடிக்கு ஒரு மட்டை கூடுதலாக எடுத்துக் கொடியைத் தாண்டி அடிக்கவும்; ஆனால் மேலிருந்து வரும் பட்டு வேகமானது, 1970-இல் டக் சாண்டர்ஸ் இந்தக் கிரீனில் மிகக் குறுகிய பட்டு ஒன்றைத் தவறவிட்டு ஓபனை இழந்தார் என்பதை நினைவில் கொள்க. பள்ளத்தில் விழுந்துவிட்டால் வெட்ஜைத் தொடாமல் பட்டரையே எடுக்கவும். ஏற்றத்துக்காக, குழி இருக்கும் இடத்தைவிடச் சில கஜம் தள்ளியிருப்பதாக எண்ணிக்கொண்டு, பின்வீச்சை நீட்டி, தயங்காமல் அடிக்க வேண்டும். தயங்கி அடித்த பந்து விளிம்பு வரை ஏறி, உங்கள் காலடிக்கே திரும்பி வரும். 1995-இல் கான்ஸ்டன்டினோ ரோக்கா முதலில் சிப் செய்து, பந்து சில அடி மட்டுமே நகர்ந்து இந்தப் பள்ளத்திலேயே நின்றுவிட்ட பிறகு, பட்டரை எடுத்து அறுபது அடிக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து குழியில் சேர்த்து, ஜான் டேலியுடன், சமநிலையில் முடிந்தவர்களுக்கான பிளேஆஃபுக்குச் சென்றார். பிளேஆஃபில் ரோக்கா தோற்றார். அங்கே அவரை வீழ்த்திய பங்க்கர் பதினேழாவதின் ரோட் பங்க்கர்.